நின்று நின்று போன ஆறு பலகைகள்: யாழ்ப்பாணச் சனசமூக நிலையம் ஒன்றில் லினக்ஸ்

இது 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வலிகாமத்தில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தில் நடந்தது. ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. நிலையத்துக்கு உதவப் போன தன்னார்வலர்களில் நானும் ஒருவன். தனிப்பலகைக் கணினிகளில் (ஒரே சர்க்கிட் பலகையில் முழுவதும் அடங்கிய சிறிய கணினிகளில்) லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்ட நினைக்கும் மற்ற நிலையங்களுக்கும் பாடசாலைகளுக்கும் இது பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

## பின்னணி

நிலையத்தின் முன்பக்கம் வாசிகசாலை, பின்பக்கம் ஒரு மண்டபம். மாலை நான்கு மணிக்குப் பிறகு சாதாரண தர, உயர்தர மாணவர்கள் வந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்ப்பார்கள். மண்டபத்தில் பழைய மேசைக் கணினிகள் நான்கு இருந்தன.

2022 இன் தொடக்கத்தில் மின்வெட்டு ஆரம்பித்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. நிலையத்தின் யூ.பி.எஸ். பற்றரிகள் ஏற்கெனவே பழசு. சில நிமிடங்களுக்கு மேல் தாங்கவில்லை. புதிய பற்றரிக்கு விலை கேட்டால் கிழமைக்கு ஒரு விலை சொன்னார்கள். ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய்க்குப் போயிருந்தது.

அந்த நேரத்தில் கனடாவில் இருக்கும் ஊரவர் ஒருவர் உதவ முன்வந்தார். நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவர் போட்ட கணக்கு சரியானதுதான்: மொனிற்றரைச் சேர்க்காமலே மேசைக் கணினி ஒன்று 60 வாற்றுக்கு மேல் இழுக்கும், தனிப்பலகைக் கணினிக்கு ஐந்து வாற்று அளவு போதும். ஒரு சூரியப் பலகம், ஒரு 12 வோல்ற்றுப் பற்றரி, மொனிற்றர்களுக்கு மட்டும் ஒரு சிறிய இன்வேட்டர் இருந்தால் மாலை முழுவதும் மண்டபத்தை நடத்தலாம்.

முதலில், பலரும் அறிந்த தனிப்பலகைக் கணினியான ராஸ்பெரி பை வாங்கத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு உலகம் முழுவதும் சில்லுத் தட்டுப்பாடு. பை கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் ஆல்வின்னர் எச்3 சில்லும் 1 ஜிபி நினைவகமும் கொண்ட வேறொரு வகைப் பலகையில் ஆறு வாங்கப்பட்டன. விற்றவரே லினக்ஸ் பதிந்த மெமரி கார்ட்டுகளையும் சேர்த்து அனுப்பியிருந்தார். செருகியதும் ஆறும் எழும்பின. அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோசம்.

## முதலில் கண்டவை

இரண்டாவது கிழமையிலேயே பலகைகள் இடையில் நின்றுபோகத் தொடங்கின. திரையில் படம் அப்படியே உறைந்துவிடும், மவுஸ் அசையாது, பலகையின் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு சிலவேளை ஒரு பலகை எழும்பவே எழும்பாது. எழும்பினாலும் நேரம் தவறாக இருக்கும். மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கப் போனால் “இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது” என்ற கருத்தில் ஒரு பிழைச்செய்தி வரும்.

வாசிகசாலைப் பொறுப்பாளரான அக்கா, யாரும் கேட்காமலே ஒரு காரியம் செய்திருந்தார். ஆறு பலகைகளுக்கும் நம்பர் ஒட்டி, எது எப்போது நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தார். “6ஆம் நம்பர், பி.ப. 4.20. பிரவுசர் திறக்கேக்க நிண்டது. லைற் எரியுது.” இப்படி வரிக்கு வரி. இந்தக் கொப்பி இல்லாவிட்டால் பிறகு நாங்கள் கண்டுபிடித்தவற்றில் பாதியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கருவிகளை விட அதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கொப்பியைப் புரட்டியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 5ஆம் 6ஆம் நம்பர்கள்தான் அதிகம் நின்றிருந்தன. 1ஆம் நம்பர் அரிதாகவே நின்றிருந்தது. பற்றரி மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்தது. 1ஆம் நம்பர் அதற்குப் பக்கத்து மேசை, 6ஆம் நம்பர் எதிர்ச் சுவரோரம்.

## உதவி கேட்டதும் கிடைத்த பதிலும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் எங்களோடு இருந்தார். மேசைக் கணினியில் உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை எல்லாம் போட்டுப் பழகியவர். அந்த அனுபவத்தில், வேறொரு லினக்ஸைப் பதிந்தால் சரியாகிவிடும் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

தனிப்பலகைக் கணினியில் அது அவ்வளவு இலகுவில்லை. சாதாரண மேசைக் கணினியில் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பதை அதன் பயோஸ் இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். அதனால் ஒரே லினக்ஸ் சீடி எல்லாக் கணினியிலும் ஓடுகிறது. ஆர்ம் சில்லு வைத்த இந்தச் சின்னப் பலகைகள் பெரும்பாலானவற்றில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. சில்லின் எந்தக் காலில் (பின்னில்) எது இணைந்திருக்கிறது, மின்னழுத்தத்தை எது கட்டுப்படுத்துகிறது, ஈதர்நெட் எங்கே இருக்கிறது என்ற விபரம் முழுவதும் ‘டிவைஸ் ட்ரீ’ எனும் தனிக் கோப்பில் எழுதப்பட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குக் கொடுக்கப்பட வேண்டும். பலகை மாறினால் கோப்பும் மாற வேண்டும். அந்தக் கோப்பை எழுதுவதும், புதிய கேர்னல் வரும்போதெல்லாம் பரிசோதிப்பதும் ஒரு மனிதருடைய வேலை.

ஆல்வின்னர் சில்லுகளைப் பொறுத்தவரை அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் லினக்ஸ்-சன்க்ஸி சமூகத்துத் தன்னார்வலர்கள். சில்லோடு வந்த பழைய 3.4 கேர்னலிலேயே நின்றுவிடாமல், லினக்ஸின் பிரதான கேர்னலில் இந்தச் சில்லுகள் ஓடும்படி ஆண்டுக்கணக்காக உழைத்தார்கள். அதற்கு மேல் டெபியன், உபுண்டு அடிப்படையில் பலகைக்குப் பலகை பயன்படுத்தக்கூடிய இமேஜ்களை (கார்ட்டில் அப்படியே பதியும் முழு இயங்குதளக் கோப்புகளை) கட்டித் தருவது ஆர்ம்பியன் என்ற திட்டம். அங்கே ஒவ்வொரு பலகைக்கும் ஆதரவு நிலை உண்டு. பொறுப்பெடுத்த பராமரிப்பாளர் இருந்தால் ஒரு நிலை. யாரும் இல்லாவிட்டால் ‘சமூகம் பராமரிப்பது’ என்ற நிலை. இரண்டாவது நிலையில் இமேஜ் இருக்கும், ஓடவும் கூடும், ஆனால் உடைந்தால் திருத்துவேன் என்று யாரும் கையொப்பம் இடவில்லை.

தம்பி ஆர்ம்பியன் சமூகத்தாரிடம் எழுதினார். ஆறு பலகைகளும் நின்றுபோகின்றன, உதவுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். வந்த பதில் குறுகலாக இருந்தது: எந்த மின்வழங்கி? எந்த மெமரி கார்ட்? சோதித்தீர்களா? பதிவுகள் (பலகை தானே எழுதும் லொக் வரிகள்) எங்கே? தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. தங்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைக்கிறார்கள் என்றார்.

பக்கத்தில் இருந்தவர் சந்தியில் ரேடியோ, ரீவி திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணை. அவர் சொன்னார்: “அவங்கள் கேட்டது சரிதான் தம்பி. என்னட்டையும் ஒராள் ரேடியோவைக் கொண்டுவந்து ‘வேலை செய்யுதில்லை’ எண்டு வைச்சிட்டுப் போனா, நான் முதல்ல வயரைத்தான் இழுத்துப் பாப்பன்.”

அண்ணை சொன்னது உண்மை. ஆர்ம்பியனின் வழிகாட்டிக் குறிப்புகளே இதைத்தான் சொல்கின்றன: வரும் பிரச்சினைகளில் மிகுதியானவற்றுக்கு மின்வழங்கியும் மெமரி கார்ட்டும்தான் காரணம். தங்கள் ஓய்வு நேரத்தில் பதில் எழுதுகிறவர்கள் முதலில் அதைக் கேட்பதில் எந்த அவமதிப்பும் இல்லை. ஆனால் உதவி கேட்டு முதல் தடவை எழுதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில், நாலு சொல்லில் வரும் பதில் கதவடைப்பு மாதிரித்தான் இருக்கும். அந்த இடத்தில் “அவர்கள் கேட்டதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்ப எழுதுவோம்” என்று சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும். எங்களுக்கு அண்ணை இருந்தார்.

## கம்பியில் போன வோல்ற்று

அடுத்த சனிக்கிழமை அண்ணை மல்ற்றிமீற்றரோடு வந்தார். பற்றரிக்குப் பக்கத்தில் 12 வோல்ற்றை 5 ஆகக் குறைக்கும் மாற்றி ஒன்று இருந்தது. அங்கே 5.1 வோல்ற்று காட்டியது. ஒரு குறையும் இல்லை. பிறகு 6ஆம் நம்பர் பலகைக்குப் போய், அதன் நாற்பது கால் வரிசையில் 5 வோல்ற்றுக் காலிலும் தரைக் காலிலும் மீற்றரின் முனைகளை வைத்தார். சும்மா இருக்கும்போது 4.7. பிரவுசரைத் திறக்கச் சொன்னார். எண் இறங்கி 4.4 இல் நின்றது. படம் உறைந்தது.

காரணம் கம்பி. மண்டபத்துக்கு வயர் இழுத்தவர் மிச்சமிருந்த நெட்வேர்க் கேபிளின் சோடிக் கம்பிகளைப் பயன்படுத்தியிருந்தார். அது 24 கேஜ், மெல்லிய கம்பி. மீற்றருக்கு ஏறத்தாழ 0.084 ஓம் தடை. 6ஆம் நம்பர் மேசை பற்றரியிலிருந்து ஆறு மீற்றர். போக ஆறு, வர ஆறு, பன்னிரண்டு மீற்றருக்கு ஒரு ஓம் வந்துவிடும். பலகை 0.7 அம்பியர் இழுத்தால் 0.7 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 12 வோல்ற்றில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது, 5 வோல்ற்றில் உயிரைக் குடிக்கும். ராஸ்பெரி பையாக இருந்திருந்தால் வோல்ற்றளவு 4.63 க்குக் கீழே போகும்போது திரையில் மின்னல் குறி காட்டி எச்சரித்திருக்கும். இந்தப் பலகைகளில் அப்படி அளக்கும் வசதி இல்லை. பேசாமல் நின்றுவிடும்.

தலைவர் தடித்த கம்பி போட்டு 5 வோல்ற்றையே கொண்டுபோகலாமா என்று கேட்டார். அண்ணை வேறு வழி சொன்னார்: வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 12 வோல்ற்றை மேசைவரை கொண்டுபோய், ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றி வைப்பது. அதே வலு 12 வோல்ற்றில் போகும்போது மின்னோட்டம் பாதிக்கும் குறைவு. வழியில் கொஞ்சம் குறைந்தாலும் கடைசியில் இருக்கும் மாற்றி அதைச் சரிசெய்து 5 வோல்ற்றைக் கொடுத்துவிடும். இந்த முடிவுதான் எடுக்கப்பட்டது.

எல்.எம்.2596 சில்லு வைத்த சிறிய மாற்றிகள் ஆறு வாங்கப்பட்டன. அண்ணை ஒவ்வொன்றையும் பலகையில் பொருத்த முன்னரே பற்றரியில் கொடுத்து, மீற்றரைப் பார்த்தபடி அதிலுள்ள சின்னத் திருகைத் திருகி 5.15 வோல்ற்றில் நிறுத்தினார். பிறகு திருகின் தலையில் ஒரு துளி நெயில் பொலிஷ். அசைந்து வோல்ற்றளவு கூடிவிட்டால் பலகையே எரிந்துவிடும் என்பதால் இந்த ஒரு துளி மிக முக்கியம்.

## பதில் பாதிதான்

வயரிங் மாற்றிய பிறகு 5ஆம் 6ஆம் நம்பர்கள் நின்றுபோவது பெருமளவு குறைந்தது. ஆனால் முற்றாக நிற்கவில்லை. கொப்பியைத் திரும்பப் பார்த்தோம். இப்போது ஆறு பலகைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றுகொண்டிருந்தன. தூரத்துக்கும் நின்றுபோவதற்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. அப்படியென்றால் கம்பியின் குற்றம் தீர்ந்துவிட்டது, அதற்குப் பின்னால் இன்னொரு குற்றம் ஒளிந்திருந்தது.

மெமரி கார்ட்டுகளை எஃப்3 என்ற சோதனை நிரலால் பார்த்தோம். ஆறில் இரண்டு போலி. 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தது, உள்ளே உண்மையாக இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. அந்த அளவைத் தாண்டி எழுதப்படும் எதுவும் காணாமல் போகும். கரண்ட் போய் வந்த பிறகு எழும்பாமல் கிடந்தவை இந்த இரண்டும்தான். இரண்டையும் அகற்றி, நம்பிக்கையான கடையில் புதியவை வாங்கி, அவற்றையும் சோதித்த பிறகே பயன்படுத்தினோம். இதைச் செய்ய ஒரு மாலை போதும். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

இதற்குப் பிறகும் உறைவது தொடர்ந்தது. சூடு காரணமோ என்று தம்பி வெப்பநிலையைக் கண்காணித்தார். வெயில் நேரத்திலும் அபாய அளவுக்கு ஏறவில்லை. சரி, இனி பலகை தானே என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டிய கட்டம்.

இந்தப் பலகைகளில் ‘சீரியல்’ கால்கள் மூன்று உண்டு: தரை, அனுப்பு, பெறு. யூ.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் மலிவான இணைப்பி ஒன்றை மடிக்கணினியில் செருகி, இதன் அனுப்பை அதன் பெறுவோடும் இதன் பெறுவை அதன் அனுப்போடும் மாற்றிக் கோத்து, தரையைத் தரையோடு சேர்த்து, வேகத்தை 115200 என்று வைத்தால் போதும். பலகைக்குக் கரண்ட் கொடுத்த நொடியிலிருந்து அது எழுதும் ஒவ்வொரு வரியும் மடிக்கணினியில் ஓடும். இணைப்பி 3.3 வோல்ற்றில் வேலை செய்வதாக இருக்க வேண்டும். அதிலுள்ள 5 வோல்ற்றுக் கம்பியைப் பலகையோடு இணைக்கவே கூடாது. திரை உறைந்தாலும் இந்த வழியில் கடைசி வார்த்தை வெளியே வந்துவிடும்.

அந்தப் பதிவை முழுவதுமாகச் சேமித்துத் தம்பி இரண்டாவது தடவை எழுதினார். இம்முறை கடிதம் நீளம். பலகையில் அச்சிட்டிருக்கும் பெயர், இமேஜின் பெயரும் பதிப்பும், மின்வழங்கியைத் திருத்திய விதம், காலில் அளந்த வோல்ற்றளவு, கார்ட் சோதனையின் முடிவு, சீரியல் பதிவு, எப்போது நிற்கிறது எப்போது நிற்பதில்லை என்ற கொப்பி விபரம், எல்லாம் இருந்தன.

மறுநாளே பதில் வந்தது. வேறொரு நாட்டில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர், சீரியல் பதிவின் தொடக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரியை எடுத்துக் காட்டியிருந்தார். பலகையின் மாதிரிப் பெயர் வரும் வரி அது. பதிவில் இருந்த பெயரும் பலகையில் அச்சிட்டிருந்த பெயரும் ஒன்றில்லை. விற்றவர், அதே வரிசையில் வந்த வேறொரு பலகைக்கான இமேஜைப் பதிந்து அனுப்பியிருந்தார்.

இரண்டும் ஒரே சில்லு, ஒரே நினைவகம், பெயரிலும் கொஞ்சம்தான் வித்தியாசம். அதனால்தான் ஓடியது. வித்தியாசம் சில்லுக்குக் கொடுக்கும் வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் இருந்தது. மற்றப் பலகையில் ஒரு காலை மேலேற்றினால் வோல்ற்றளவு 1.1 இலிருந்து 1.3 க்கு மாறும். எங்கள் பலகையில் அதற்கென்று தனிச் சில்லு இருந்தது, அதோடு ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியாகப் பேச வேண்டும். இமேஜுக்கு இது தெரியாது. வேலை கூடும்போது கேர்னல் அந்தக் காலை மேலேற்றும், வோல்ற்றளவு உயர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும், வேகத்தைக் கூட்டும். உண்மையில் எதுவும் உயர்ந்திராது. போதிய வோல்ற்று இல்லாமல் ஓடும் சில்லு எங்காவது ஓரிடத்தில் நின்றுவிடும்.

உறுதிப்படுத்த அவர் சொன்ன வழி எளிமையானது: உச்ச வேகத்தை 816 மெகாஹேர்ட்ஸுக்கு மட்டுப்படுத்திப் பாருங்கள். தம்பி அப்படிச் செய்தார். அந்தக் கிழமை அக்காவின் கொப்பியில் ஒரு வரியும் ஏறவில்லை.

## எடுத்த முடிவுகள்

எங்கள் பலகைக்கான சரியான இமேஜ் ஆர்ம்பியனில் இருந்தது, ‘சமூகம் பராமரிப்பது’ என்ற நிலையில். அந்தக் கட்டத்தில் நிலையத்துக்குள் கருத்து வேறுபாடு வந்தது. தலைவர் பலகைகளை விற்றுவிட்டு, பை கிடைக்கும்வரை பொறுப்போம் என்றார். “நாளைக்கு இன்னொண்டு உடைஞ்சா ஆரைக் கேக்கிறது?” என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. பணம் அனுப்பியவரோ, கையில் இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்றார்.

கடைசியில் வேலையைப் பிரிப்பது என்று முடிவானது. நின்றால் எல்லோரையும் பாதிக்கும் வேலை நல்ல ஆதரவுள்ள பலகைக்கு; நின்றால் ஒரு மாணவரை மட்டும் பாதிக்கும் வேலை இந்தப் பலகைகளுக்கு. ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த அதே கனடாக்காரர், ஒரு ராஸ்பெரி பை 4 கொண்டுவந்தார். அது நிலையத்தின் வழங்கி (சேர்வர்) ஆனது. கிவிக்ஸ் என்ற நிரல் மூலம் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் இணையமே இல்லாமல் அதிலிருந்து படிக்கலாம். கடந்தகால வினாத்தாள்களும் அதிலேயே. ஆறு பலகைகளும் ஒரு பிரவுசரில் அந்த வழங்கியைத் திறக்கும் முனையங்கள். 1 ஜிபி நினைவகத்தில் இன்றைய இணையத்தளங்களைப் பல தாவல்களில் திறந்து வேலை செய்ய முடியாது என்பதை மாணவர்களுக்கு நேராகவே சொன்னோம்.

நேரம் தவறும் பிரச்சினைக்குக் காரணம், இந்தப் பலகைகளிலும் பை 4 இலும் கரண்ட் இல்லாத நேரத்தில் ஓடும் கடிகாரம் இல்லாததுதான். கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே அவை தொடங்கும். நாணயப் பற்றரியோடு வரும் டி.எஸ்.3231 கடிகாரச் சில்லு ஒன்றை வழங்கியில் மட்டும் பொருத்தி, மற்ற ஆறும் குரோனி என்ற நேரம் ஒத்திசைக்கும் நிரல் வழியாக அதனிடம் நேரம் கேட்கும்படி வைத்தோம். ஆறு கடிகாரம் வாங்கத் தேவைப்படவில்லை.

முனையங்களின் கோப்பு முறைமை வாசிக்க மட்டும் என்று ஆக்கப்பட்டது. மாணவர் எழுதுவது எல்லாம் நினைவகத்தில் நின்று, அணைத்ததும் போய்விடும். வைத்திருக்க வேண்டியதை வழங்கியில் சேமிக்க வேண்டும். கரண்ட் திடீரென்று போனாலும் கார்ட் கெடாது.

முக்கியமான முடிவு கேர்னல் பற்றியது. ஐந்து பலகைகளில் கேர்னல் புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 1ஆம் நம்பர் மட்டும் பரிசோதனைப் பலகை. புதிய கேர்னல் அதில் இரண்டு கிழமை பிரச்சினையில்லாமல் ஓடினால்தான் மற்றவற்றுக்குப் போகும். பொறுப்பான பராமரிப்பாளர் இல்லாத பலகையை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஒரு தாளில் தமிழில் குறிப்புகள் எழுதிச் சுவரில் ஒட்டினார். நின்றால் முதலில் எதைப் பார்ப்பது, எந்த நம்பரை யாருக்குச் சொல்வது, கார்ட்டை எப்போது கழற்றக்கூடாது என்பவை அதில் இருந்தன.

## அதன் பின் நடந்தவை

சரியான இமேஜ் போட்ட பிறகு உறைவது நின்றுவிட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் மின்வெட்டு நேரம் குறைந்திருந்தாலும் பெரும்பாலும் தினமும் இருந்தது. மண்டபம் மாலையில் இருண்டு கிடக்கவில்லை. 2023 ஜனவரியில் தொடங்கிய உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள் இந்த முனையங்களில் வினாத்தாள் பார்த்தார்கள். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்தவர்கள் பைதன் பயிற்சியும் இதிலேயே செய்தார்கள்; அதற்கு 1 ஜிபி தாராளம்.

எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்ல முடியாது. வீடியோப் பாடங்களை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் சிலர் ஏமாற்றத்தோடு கைத்தொலைபேசிக்கே திரும்பினார்கள். பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பழைய வேர்ட் கோப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தன. அவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது, இன்னும் முடியவில்லை. ஐப்பசி மழையில் இடி விழுந்த ஒரு இரவுக்குப் பிறகு 4ஆம் நம்பரின் ஈதர்நெட் செத்துவிட்டது. நீண்ட நெட்வேர்க் கேபிள் ரவுட்டரிலேயே செருகிக் கிடந்தது.

பரிசோதனைப் பலகை தன் பயனைக் காட்டியது பின்னொரு புதுப்பிப்பின்போது. 1ஆம் நம்பரில் புதிய கேர்னல் போட்டதும் ஈதர்நெட் காணாமல் போனது. மற்ற ஐந்தும் பழைய கேர்னலில் இருந்ததால் மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை. தம்பி பழைய கேர்னலின் பதிவையும் புதிய கேர்னலின் பதிவையும் சீரியலில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறித்து அனுப்பினார். அடுத்து வந்த வெளியீடு ஒன்றில் அது திருத்தப்பட்டது. திருத்தியவரிடம் இந்தப் பலகை கையில் இல்லை. வலிகாமத்தில் ஓடும் ஒரு பலகையின் பதிவை நம்பித்தான் திருத்தினார். அந்தச் செய்தி வந்த அன்று தலைவர் மண்டபத்தில் எல்லோருக்கும் அதை வாசித்துக் காட்டினார்.

2023 பெப்ரவரியில் மின்வெட்டு முடிந்தது. அதே மாதம் மின்கட்டணம் 66 சதவீதம் கூட்டப்பட்டது. மேசைக் கணினிகள் கடிதம் தட்டெழுத மட்டும் போடப்படுகின்றன. வாசிப்பு முழுவதும் முனையங்களில்தான். தீவகத்தில் ஒரு பாடசாலை ஆசிரியர் இதே மாதிரிப் பலகைகள் நின்றுபோகின்றன என்று கேட்டு வந்தார். அண்ணை மீற்றரை எடுத்துக்கொண்டு போனார். அங்கேயும் முதற்குற்றம் கம்பிதான்.

## இனி வாங்குவதென்றால்

விலையையும் வேகத்தையும் பார்க்க முன்னர், அந்தப் பலகைக்கு யார் பொறுப்பாக இருக்கிறார்கள் என்று பார்ப்போம். பிரதான லினக்ஸ் கேர்னலில் அதன் டிவைஸ் ட்ரீ இருக்கிறதா, ஆர்ம்பியனில் பெயர் சொல்லக்கூடிய பராமரிப்பாளர் இருக்கிறாரா, கடைசியாக யார் எப்போது பரிசோதித்தார் என்ற மூன்றையும் அரை மணி நேரத்தில் அறிந்துவிடலாம். தள்ளுபடி விலையில் ஆறு வாங்குவதற்குப் பதிலாக ஒன்று வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம். விற்பவர் பதிந்து தரும் கார்ட்டை ஏற்கமாட்டோம். பலகையில் அச்சிட்டிருக்கும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, நாங்களே இமேஜை இறக்கிப் பதிவோம்.

பணம் ஒதுக்கும்போது மின்வழங்கி, கம்பி, நல்ல கார்ட், சீரியல் இணைப்பி ஆகிய நான்கையும் பலகையின் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்ப்போம். இந்த நிகழ்வில் அவை எல்லாம் பிறகு தேடி வாங்கியவை, பணம் அனுப்பியவரிடம் இரண்டாம் தடவை கேட்க வேண்டி வந்தது. ஐப்பசி தொடங்க முன் நெட்வேர்க் கேபிள்களை இரவில் கழற்றும் பழக்கமும் வேண்டும்.

உலகச் சமூகத்திடம் ஆங்கிலத்தில் கேட்பதற்கு முன், தமிழில் எங்களுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்வதை நிலையான நடைமுறையாக்கியிருக்கிறோம். வோல்ற்றளவு அளந்தாயா, கார்ட் சோதித்தாயா, பதிவு எடுத்தாயா என்று கேட்டு, கடிதத்தை ஒன்றாக இருந்து எழுதுகிறோம். கோபத்தோடு திரும்பிப் போகவிருந்த ஒரு பையனை அண்ணை ஒருவர் பிடித்து வைத்திருந்தார் என்பது தற்செயல். அடுத்த பிள்ளைக்கு அது தற்செயலாக இருக்கக்கூடாது.

தம்பி பட்டப்படிப்பு முடித்து வேலைக்குக் கொழும்பு போய்விட்டார். 1ஆம் நம்பரும் சீரியல் இணைப்பியும் இப்போது உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சியின் பொறுப்பில் இருக்கின்றன. புதிய கேர்னல் வரும்போது பதிவு எடுத்து அனுப்புகிறவர் அவர்தான். அவருக்குப் பரீட்சை வரும் மாதங்களில் அந்த வேலையை எடுக்க இன்னொருவர் தேவை. பக்கத்து நிலையத்திலிருந்து இரண்டு பேர் கற்றுக்கொள்ள வரத் தொடங்கியிருக்கிறார்கள்.